பனிச்சறுக்கில் இதயத் துடிப்பை வைத்துக் கலோரிக் கணக்கு: 2,487-ஆ, 1,023-ஆ?

கேட்டவர்: சரிவுக்கோடு

ஒரே நாள், ஒரே ஆள், கணக்கு மட்டும் இரண்டு. இரண்டுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வித்தியாசம் வருகிறது. எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விவரம் இது. ஆண், வயது 35, எடை 70 கிலோ, ஓய்வில் துடிப்பு 60. லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்கும் டவுன்ஹில், மொத்தம் 6 மணி நேரம், இருபது இறக்கம், 2,500 மீட்டர் உயரத்தில். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையின் பதிவை வேலைவாரியாகப் பிரித்தால்:

சறுக்கிய நேரம் 95 நிமிடம், சராசரித் துடிப்பு 130.
லிஃப்டும் அதற்கான வரிசையும் 145 நிமிடம், சராசரி 95.
சாப்பாடு, உட்கார்ந்த ஓய்வு 120 நிமிடம், சராசரி 82.

இணையக் கால்குலேட்டர்கள் பலவற்றில் இருக்கும் துடிப்புச் சூத்திரத்தில் போட்டால் 2,487 கலோரி வருகிறது. மெட் அட்டவணைப்படி (ஒவ்வொரு வேலைக்கும் ஓய்வுச் செலவைப்போல எத்தனை மடங்கு செலவாகும் என்று சொல்லும் பட்டியல்) போட்டால் 1,023. (கலோரி என்று எழுதுவதெல்லாம் கிலோகலோரிதான்.)

எதை நம்புவது? லிஃப்ட் இல்லாமல் கோல் ஊன்றித் தடத்தில் சறுக்கிப் போகும் கிராஸ் கண்ட்ரிக்கும் இதே சிக்கல் உண்டா? கைக்கடிகார சென்சார் போதுமா, பட்டை கட்டியே ஆகவேண்டுமா? உயரத்துக்குத் தனியாகக் கழிக்க வேண்டுமா?

பதில்: நாடிக்கணக்கு

2,487 தப்பு. 1,023 கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நீங்கள் போட்டது 2005-ல் கீட்டெல் குழுவினர் வெளியிட்ட சூத்திரம். ஆண்களுக்கு அது இப்படி:

நிமிடத்துக்கு கிலோஜூல் = −55.0969 + 0.6309 × துடிப்பு + 0.1988 × எடை + 0.2017 × வயது. வரும் விடையை 4.184-ஆல் வகுத்தால் கலோரி.

சீரான வேகத்தில், பெரிய தசைகள் மாறிமாறிச் சுருங்கி விரியும் பயிற்சிக்காக உருவான சூத்திரம் இது. ஓட்டம், சைக்கிள் மாதிரி. அந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். நீங்களோ அதை லிஃப்டில் உட்கார்ந்திருந்த 145 நிமிடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். துண்டு துண்டாகப் பார்த்தால் குட்டு வெளிப்படும்:

சறுக்கல், 130 துடிப்பு: நிமிடத்துக்கு 11.45 கலோரி, 95 நிமிடத்துக்கு 1,087.
லிஃப்ட், 95 துடிப்பு: நிமிடத்துக்கு 6.17, 145 நிமிடத்துக்கு 895.
சாப்பாடு, 82 துடிப்பு: நிமிடத்துக்கு 4.21, 120 நிமிடத்துக்கு 505.

சும்மா உட்கார்ந்து சாப்பிட்டதற்கு மணிக்கு 250 கலோரி! 70 கிலோ ஆள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் செலவாவது மணிக்கு 70 முதல் 90 வரைதான். ஆக 2,487-ல் 1,400 கலோரி சறுக்காத நேரத்தில் வந்தது. அதில் பெரும்பகுதி வெறும் காகிதக் கலோரி.

துடிப்புக்கும் ஆக்சிஜன் செலவுக்கும் உள்ள உறவு ஓரளவு நேர்கோடாக இருப்பது நடுத்தர உழைப்பில் தொடங்கி உச்சத்துக்குச் சற்றுக் கீழே வரைதான். அதற்குக் கீழே கோடு உடைந்துவிடும். எழுந்து நின்றால், பயந்தால், காப்பி குடித்தால், மலை உயரத்துக்குப் போனால் துடிப்பு 10, 15 ஏறும். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது.

அடுத்து, அந்த 95 நிமிடத்திலும் ஒரு கோளாறு உண்டு. டவுன்ஹில்லில் தொடையும் இடுப்பும் பாதி மடங்கிய நிலையில் இறுகிப் பிடித்தபடியே இருக்கும். திருப்பத்தில் உடலைத் தாங்கும்போது தசை நீண்டுகொண்டே இழுபடும். இறுகிய தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடும். ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். தசை நீண்டபடி செய்யும் வேலைக்கோ, சுருங்கிச் செய்யும் வேலையைவிட ஆக்சிஜன் குறைவாகவே போதும். செங்குத்துச் சரிவைப் பார்த்ததும் ஊறும் அட்ரினலின் வேறு சேர்ந்துகொள்ளும். எனவே டவுன்ஹில்லில் 130 துடிப்பும் ஓட்டத்தில் 130 துடிப்பும் ஒரே செலவைக் குறிக்காது.

சரி, எப்படிக் கணக்கிடுவது? முதல் வேலை, உங்களுக்கே உங்களுக்கான கோடு ஒன்றைப் போடுவது. ஆய்வகம் வேண்டாம், சரிவை மாற்றக்கூடிய ட்ரெட்மில் போதும்.

வேகத்தை மணிக்கு 5 கி.மீ. என்று வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். சரிவை மட்டும் 0, 5, 10, 15 விழுக்காடு என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 5 நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தின் சராசரித் துடிப்பை மட்டும் குறியுங்கள்; முதல் மூன்று நிமிடம் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும், அது வேண்டாம். கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் எடையின் ஒரு பங்கு கைக்குப் போய்விடும், கோடு கெட்டுவிடும். 15 விழுக்காட்டில் மூச்சு முட்டினால் 12-ல் நிறுத்திக்கொள்ளலாம்.

நடைக்கான ஆக்சிஜன் செலவுக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாடு இருக்கிறது: கிலோவுக்கு நிமிடத்துக்கு மி.லி. = 0.1 × வேகம் + 1.8 × வேகம் × சரிவு + 3.5. வேகத்தை நிமிடத்துக்கு மீட்டர் என்று போடவேண்டும், 5 கி.மீ. என்றால் 83.3. சரிவு 5 விழுக்காடு என்றால் 0.05. அப்படிப் போட்டால் நான்கு படிகளுக்கும் முறையே 11.8, 19.3, 26.8, 34.3 மி.லி. வரும்.

அந்தப் படிகளில் துடிப்பு 92, 112, 133, 154 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்தால் ஒரு துடிப்புக்கு 0.363 மி.லி. கோடு: மி.லி. = 0.363 × துடிப்பு − 21.6. துடிப்பு 130-க்கு 25.6 மி.லி. 70 கிலோவுக்கு அது நிமிடத்துக்கு 1.79 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குக் கொழுப்பு மட்டும் எரிந்தால் 4.69, மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 5.05 கலோரி; 4.9 என்று வைத்தால் போதும். ஆக நிமிடத்துக்கு 8.8 கலோரி. சூத்திரம் சொன்னது 11.45 என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கோட்டை எதுவரை நம்பலாம் என்பதற்கும் ஓர் எல்லை வைக்கவேண்டும். நின்றிருக்கும்போது வரும் அதிகபட்சத் துடிப்பையும், சமதள நடையில் வந்த துடிப்பையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 78-ம் 92-ம் என்றால் 85. இதை ஃப்ளெக்ஸ் துடிப்பு என்பார்கள். அதற்குக் கீழே போனால் கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓய்வுச் செலவையே வைத்துக்கொள்ளவேண்டும்.

உங்கள் 82 அதற்குக் கீழே விழுகிறது, பிரச்சினையில்லை. லிஃப்டின் 95 மேலே நிற்கிறதே என்றால், அங்கே முறையை மீறவேண்டியதுதான். ஆள் உட்கார்ந்திருந்தது நமக்குத் தெரியும், மானிக்குத்தான் தெரியாது. லிஃப்டுக்கும் வரிசைக்கும் 1.5 மெட், சாப்பாட்டுக்கு 1.3 மெட் என்று கையாலேயே போடுங்கள். ஒரு மெட் என்பது கிலோவுக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி.

சறுக்கல்: 95 × 8.8 = 836.
லிஃப்ட்: 1.5 × 70 × 145 ÷ 60 = 254.
சாப்பாடு: 1.3 × 70 × 2 = 182.
மொத்தம் 1,272.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். இறக்கம் தொடங்கும்போது ஆக்சிஜன் செலவு உடனே ஏறாது, முடிந்ததும் உடனே இறங்காது. ஆரம்பத்தில் பட்ட கடனை முடிவில் அடைக்கிறது உடம்பு. எனவே ஒவ்வொரு இறக்கமும் முடிந்த முதல் ஒரு நிமிடத்தைக் கோட்டின்படி எண்ணுங்கள். அந்த நிமிடத்தில் துடிப்பு 115 அளவில் இருந்தால் இருபது இறக்கத்துக்கு ஏறக்குறைய 100 கலோரி கூடும். 1,370 ஆகிறது. இறுகிய தசை, பயம், உயரம் எல்லாம் துடிப்பை மேலே தள்ளுவதால் இது மேல் எல்லை. உங்கள் 1,023 கீழ் எல்லை. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்.

பதில்: மெழுகுப்பெட்டி

மேலே சொன்னதெல்லாம் டவுன்ஹில்லுக்குச் சரி. கிராஸ் கண்ட்ரியில் கதை தலைகீழ். அங்கே துடிப்பை நம்பலாம், அட்டவணையைத்தான் சந்தேகப்படவேண்டும்.

கையும் காலும் மாறிமாறி, நிறுத்தாமல், தாளத்தோடு வேலை செய்கிற விளையாட்டு அது. துடிப்பு மானிக்கு இதைவிட ஏற்ற இடம் கிடையாது. போலார் நிறுவனம் 1977-ல் ஃபின்லாந்தில் தொடங்கியதும், 1982-ல் கம்பியில்லாத் துடிப்பு மானியைக் கொண்டுவந்ததும் பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை மனதில் வைத்துத்தான்.

அட்டவணைக்கு என்ன குறை? 2011 பதிப்பில் கிராஸ் கண்ட்ரிக்கு வேகத்தை வைத்து மெட் கொடுத்திருக்கிறார்கள்: மணிக்கு 4 கி.மீ. அளவில் 6.8, ஆறரை முதல் எட்டு வரை 9, எட்டு முதல் பன்னிரண்டரை வரை 12.5, பதின்மூன்றுக்கு மேல் போட்டி வேகத்தில் 15. ஆனால் பனியில் வேகம் உழைப்பைச் சொல்வதில்லை. உறைநிலையை ஒட்டிய, நன்றாக இறுக்கிய தடத்தில் வழுக்கும் பலகை, மைனஸ் 15-ல் புதிதாக விழுந்த பனியில் மணலில் இழுப்பதுபோல இழுக்கும். பலகையின் அடியில் தடவும் மெழுகு தப்பினால் அதுவும் சேரும். அதே 10 கி.மீ. வேகத்துக்கு இரண்டு நாளில் இரண்டு விலை.

சரிவுக்கோட்டின் எண்களையே வைத்துச் சோதிக்கலாம். மணிக்கு 10 கி.மீ., துடிப்பு 150. அட்டவணை 12.5 மெட் என்கிறது, மணிக்கு 875 கலோரி. கீட்டெல் சூத்திரம் 868 என்கிறது. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 12.5 மெட் என்றால் கிலோவுக்கு 43.75 மி.லி. ஆளுடைய விஓ2 மேக்ஸ் (உச்ச உழைப்பில் உடம்பு கிலோவுக்கு நிமிடத்துக்குச் செலவிடக்கூடிய ஆக்சிஜன்) 45 மி.லி. என்றால், ஒரு மணி நேரம் உச்சத்தின் 97 விழுக்காட்டில் போயிருக்கவேண்டும். துடிப்பு 150-ல் அது நடக்காது. நாடிக்கணக்கு போட்ட கோட்டில் 150-ஐ வையுங்கள்: 32.9 மி.லி., மணிக்கு 680 கலோரிக்குப் பக்கம். நம்பத்தக்கது இதுதான். இரண்டு தப்பு ஒரே விடையில் வந்து நின்றால் அது சரியாகிவிடாது.

ஒரே எச்சரிக்கை, இரு கோலையும் ஒருசேர ஊன்றித் தள்ளும் நடை. கை, தோள் தசைகளின் பங்கு கூடும்போது அதே ஆக்சிஜன் செலவுக்குத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். காலால் நடந்து போட்ட கோடு அங்கே கலோரியைக் கூட்டிச் சொல்லும். கையும் காலும் எதிரெதிராக மாறும் கிளாசிக் குறுக்கு நடையிலும், பலகையைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் ஸ்கேட்டிங் நடையிலும் இந்த வித்தியாசம் சிறியது.

பலகையில் ஒட்டும் தோல் மாட்டி மலையேறும் ஸ்கீ டூரிங்குக்கு இன்னொரு சோதனை உண்டு. துடிப்பே தேவையில்லை, பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஆள் 70, சாமான் 10, மொத்தம் 80 கிலோ. 1,000 மீட்டர் உயரம் ஏற 80 × 9.81 × 1,000 = 785 கிலோஜூல், அதாவது 188 கலோரி. மனிதத் தசை, எரித்ததில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றுவது அரிது. எனவே 188 × 4 = 750 கலோரி. இது தரை, இதற்குக் கீழே யாராலும் ஏற முடியாது. ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 940. இரண்டு மணி நேர ஓய்வுச் செலவு 140-ஐச் சேர்த்தால் 890 முதல் 1,080. முன்னோக்கி நகரும் தூரத்துக்குச் செலவு தனி.

அதே ஏற்றத்தில் துடிப்பு சராசரி 140 என்றால் கோட்டின்படி நிமிடத்துக்கு 10 கலோரி, 120 நிமிடத்துக்கு 1,200. பொருந்துகிறது. வாட்ச் 600 என்று காட்டினால் பட்டை பாதித் துடிப்பைத் தவறவிட்டிருக்கிறது. 2,000 என்று காட்டினால் செயல்திறன் பத்து விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டதாக அர்த்தம்; அதையும் நம்பவேண்டாம்.

சாமான் எடையை எங்கே சேர்ப்பது என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். மெட் கணக்கிலும் மேலே சொன்ன இயற்பியல் கணக்கிலும் சேர்க்கவேண்டும். துடிப்புக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சுமையைத் தூக்கிய கஷ்டம் ஏற்கெனவே துடிப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எடையிலும் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகும்.

பதில்: பட்டைவாத்தியார்

கணக்கெல்லாம் பிரமாதம். ஆனா உள்ளே போற எண்ணே தப்புன்னா எந்தக் கோடும் காப்பாத்தாது. சென்சார் பக்கம் கொஞ்சம் சொல்றேன்.

டவுன்ஹில்லுக்கு மணிக்கட்டு சென்சாரை மட்டும் நம்பாதீங்க. பச்சை விளக்கு தோலுக்கடியில ரத்தம் எவ்வளவு வந்து போகுதுன்னு பார்த்துத்தான் துடிப்பைக் கணிக்குது. குளிர்ல உடம்பு முதல்ல கையிலயும் விரல்லயும்தான் ரத்தக்குழாயைச் சுருக்கும். பார்க்க வேண்டிய ரத்தமே அங்க இருக்காது. போதாக்குறைக்குக் கோலை இறுக்கிப் பிடிக்கிறப்போ மணிக்கட்டு நரம்பெல்லாம் புடைச்சு வாட்சைத் தூக்கும், கையுறையோட விளிம்பு ஒரு பக்கம் நெம்பும். வாட்சை ஜாக்கெட் கைமேல கட்டுறவங்களும் இருக்காங்க. அப்ப துடிப்புன்னு திரையில வர்றது எதுன்னு அந்த வாட்சுக்கே வெளிச்சம்.

கிராஸ் கண்ட்ரியில இன்னொரு தொல்லை. கை வீசுற தாளத்தையே துடிப்புன்னு எடுத்துக்கும். அடையாளம் சுலபம்: ஏத்தத்துலயும் சமதளத்துலயும் எண் மாறாம ஒரே கோடா நிக்கும், நீங்க கோலை ஊன்றுற வேகத்தை மாத்தினா மட்டும் மாறும்.

மார்புப் பட்டை கட்ட முடியாதுன்னா, மேல்கையில கட்டுற ஆப்டிகல் பட்டை நல்ல வழி. ஜாக்கெட்டுக்குள்ள சூடா இருக்கும், அசைவும் கம்மி.

மார்புப் பட்டைக்கு வர்ற பிரச்சினை வேற. காலையில முதல் இரண்டு மூணு இறக்கத்துல திடீர்னு 210, 220-ன்னு குதிக்குதா? வியர்வை இன்னும் வரல, எலெக்ட்ரோடு காய்ஞ்சிருக்கு, மேல இருக்கிற சிந்தெடிக் துணி காத்துல படபடன்னு அடிச்சு நிலைமின்சாரம் உண்டாக்குது. தண்ணி தடவினா வறண்ட குளிர்ல சீக்கிரம் காய்ஞ்சிடும். ஈசிஜிக்குத் தடவுற ஜெல் ஒரு பட்டாணி அளவு ரெண்டு பக்கமும் போடுங்க. பட்டை நேரா தோல்மேல, அதுக்கு மேல உடம்போட ஒட்டின கம்பளி உள்சட்டை. பையோட நெஞ்சுப்பட்டி சென்சார் மேல உரசாம ரெண்டு விரல் மேலே ஏத்தி மாட்டுங்க.

பதிவை வீட்டுல பார்க்கிறப்போ இதைக் கவனிங்க. உங்க உச்சத் துடிப்பைத் தாண்டின எதுவும் குப்பை. ஒரு நொடியில 15-க்கு மேல ஏறி இறங்கினா குப்பை. 140-ல இருந்து சட்டுன்னு 70-க்கு விழுந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா, ஒண்ணு விட்டு ஒண்ணு துடிப்பைத் தவற விடுது. அந்த இடங்களை அழிச்சிட்டு ரெண்டு பக்கமும் இருக்கிற எண்ணோட சராசரியைப் போடுங்க. பதிவு இடைவெளி ஒரு நொடின்னு வைங்க. மாற்றம் வந்தா மட்டும் எழுதுற ஸ்மார்ட் பதிவு, ரெண்டு நிமிஷ இறக்கத்தைச் சிதைச்சிடும்.

இறக்கம் எது, லிஃப்ட் எதுன்னு பிரிக்க ஜிபிஎஸ்ஸை விட காத்தழுத்த உயரமானிதான் நம்பகம். உயரம் குறையுது, வேகம் இருக்கு: சறுக்கல். உயரம் சீரா ஏறுது: லிஃப்ட். ரெண்டுமே இல்ல: வரிசை இல்லன்னா சரிவு ஓரத்துல நின்ன நேரம். வாட்சுல ஆல்பைன் ஸ்கீ முறையைத் தேர்ந்தெடுத்தா இதைப் பல வாட்சும் தானே செய்யும். ஓட்டம் முறையில விட்டா லிஃப்ட் ஏறினதையும் மலை ஓடினதா நினைச்சுக்கும்.

பேட்டரி: பட்டையில இருக்கிற சிஆர்2032 உடம்புச் சூட்டுல இருக்கிற வரைக்கும் சரி. ராத்திரி வண்டியில விட்டுட்டு காலையில சில்லுனு எடுத்து மாட்டினா மின்னழுத்தம் இறங்கி இணைப்பு அறுந்து அறுந்து வரும். செல்போனை உள்பையில வைங்க. சாயங்காலம் சென்சாரைக் கழட்டிட்டு பட்டையை அலசிடணும்; மாட்டியபடியே விட்டா ஈரத்துல அது இயங்கிட்டே இருந்து பேட்டரி தீர்ந்துடும்.

கேட்டவர்: சரிவுக்கோடு

நன்றி, தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு. ஒன்று, கீட்டெல் சூத்திரத்தின் பெண்கள் வடிவத்தில் எடைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது: −20.4022 + 0.4472 × துடிப்பு − 0.1263 × எடை + 0.074 × வயது. அச்சுப்பிழையா? இரண்டு, 1,023 முதல் 1,370 என்பதை அன்றாடச் செலவோடு அப்படியே கூட்டலாமா?

பதில்: நாடிக்கணக்கு

அச்சுப்பிழை இல்லை. 35 வயது, 130 துடிப்பு என்றால் 60 கிலோ பெண்ணுக்கு நிமிடத்துக்கு 7.83 கலோரி, 80 கிலோ பெண்ணுக்கு 7.22. எடை கூடினால் செலவு குறைகிறது! உடம்பு அப்படி வேலை செய்கிறது என்று பொருளில்லை. அளந்த ஆட்களின் எண்களுக்குள் கோடு பொருத்தும்போது எடை, உடல்தகுதி, துடிப்பு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் விழுந்த குறி. உடல்தகுதியைத் தெரிந்து போட்டால் இது மறைந்துவிடுகிறது. அதே குழுவினரின் இன்னொரு வடிவத்தில் விஓ2 மேக்ஸும் உண்டு; பெண்களுக்கு −59.3954 + 0.450 × துடிப்பு + 0.380 × விஓ2 மேக்ஸ் + 0.103 × எடை + 0.274 × வயது. எடை கூட்டலாகிவிட்டது பாருங்கள். விஓ2 மேக்ஸ் கையில் இருந்தால் இந்த வடிவத்தைப் போடுவது நல்லது. இதையும் லிஃப்டில் போடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கூட்டக் கூடாது. அந்த எண்ணுக்குள் சும்மா உயிரோடு இருந்ததற்கான செலவும் அடக்கம், 6 மணி நேரத்துக்கு 420 கலோரி. அதைக் கழித்தால் பனிச்சறுக்குக்கென்று ஆனது 600 முதல் 950. வாட்ச்களில் மொத்தக் கலோரி, செயல் கலோரி என்று இரண்டு எண் இருக்கும். நாள் செலவோடு கூட்டவேண்டியது செயல் கலோரியை.

பதில்: மேகத்துக்குமேல்

உயரத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. 2,500 மீட்டரில் அதே வேலைக்கு அதே ஆக்சிஜன்தான் செலவாகும், ஆனால் ஒவ்வொரு துடிப்பும் சுமந்து வரும் ஆக்சிஜன் குறைவு. எனவே இதயம் வேகமாக அடிக்கும். தாழ்வான இடத்தில் போட்ட கோடு இதைக் கூடுதல் வேலை என்று எண்ணிக்கொள்ளும்.

ட்ரெட்மில் கோடு கைவசம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் விஓ2 மேக்ஸ் ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறையும். மேலே எடுத்துக்கொண்ட 45 என்பது 2,500-ல் 40.5 ஆகிவிடும். உச்சத் துடிப்பு (208 − 0.7 × வயது) 208 − 0.7 × 35 = 183.5. துடிப்பு 130 என்பது ஓய்வுக்கும் உச்சத்துக்கும் நடுவில் 70 ÷ 123.5, அதாவது 56.7 விழுக்காடு. அதே விழுக்காட்டை ஆக்சிஜன் பக்கம் வையுங்கள்: 3.5 + 0.567 × (40.5 − 3.5) = 24.5 மி.லி. திருத்தாமல் 45 என்றே போட்டிருந்தால் 27. நிமிடத்துக்கு 9.3 கலோரி என்று வரவேண்டியது 8.4 ஆக இறங்குகிறது. 95 நிமிடத்துக்கு 80 கலோரிக்கு மேல் வித்தியாசம்.

ஓய்வுத் துடிப்பையும் அங்கேயே, காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எடுங்கள். போய்ச்சேர்ந்த முதல் சில நாளில் 60 என்பது 68, 70 ஆக இருக்கலாம். பழைய 60-ஐயே வைத்திருந்தால் நாள் முழுவதும் கலோரி ஊதிக்கொண்டே போகும்.

சூத்திரத்தில் வயதை வைத்துக் கணிக்கும் உச்சத் துடிப்பு ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேல் தவறலாம். அளந்த உச்சம் இருந்தால் அதையே போடுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் எதுவும் பொருந்தாது. துடிப்பு மருந்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும், செலவு அப்படி இல்லை. அவர்கள் நேரத்தைப் பிரித்து மெட் அட்டவணையில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். டவுன்ஹில்லுக்கு மெதுவாகப் போனால் 4.3, நடுத்தரம் 5.3, போட்டி வேகம் 8. இந்த மூன்றும் பலகை ஓடிய நேரத்துக்கு மட்டும்தான், லிஃப்ட் நேரத்துக்கு இல்லை.

கேட்டவர்: சரிவுக்கோடு

8.4-ஐப் போட்டுப் பார்த்தேன்: 798 + 254 + 182 = 1,234, இறக்கத்துக்குப் பிந்தைய நிமிடத்துக்கு 100. மொத்தம் 1,330 அளவில் வருகிறது. ஜெல்லும் மேல்கைப் பட்டையும் வாங்கியாகிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் மாட்டி, நொடிக்கு நொடி பதிவை இங்கே ஏற்றுகிறேன்.

பதில்: பட்டைவாத்தியார்

ஏத்துறப்போ ரெண்டு சாதனத்தோட கடிகாரத்தையும் முதல்ல ஒத்து வைச்சிடுங்க. பத்து நொடி விலகினாலே இறக்கத்தோட தொடக்கத்துல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியும்.